பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் மறந்துபோகிற 5.1 பெட்டி

காங்கேயத்தில் இருக்கும் மச்சான் போனில் கேட்டார்: “மாப்ளே, உங்க வீட்டுல இருக்கற அந்த ஹோம் தியேட்டர் வெலை எறங்கிருச்சாமா. நம்ம தோட்டத்து வீட்டுக்கு ஒண்ணு வாங்கிப் போட்றலாமுங்களா?” போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும், பேஸ் என்கிற அடித்தொனிக்கென்று ஒரு சப்-வூஃபரும். அந்தப் பெட்டி ரிப்பேருக்குப் போய் இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியபோது 9,000 ரூபாயை ஒட்டி இருந்தது, இப்போது 6,500-க்குத் தருகிறார்கள். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட் கணக்கை விட்டுவிடுங்கள், அது ஒரு கண நேர உச்சத்தை ஊதிக் காட்டுவது. ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஆர்.எம்.எஸ். எண்தான், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்தான் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு அது தாராளம்.

முதலில் சென்டர் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியை நான் கொண்டாடுவது அதற்காகத்தான். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். இப்போது வரும் ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோதான் இருக்கும். பேச்சு சுவரிலும் மேசையிலும் பட்டுக் குழைந்து வரும். சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் வீடே அதிரும், குறைத்தால் வசனம் புரியாது. 5.1-ல் எடுத்த படத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடுவில் இருக்கும் அந்த ஒற்றை ஸ்பீக்கருக்கே வரும். மற்றதைத் தொடாமல் அதை மட்டும் கூட்டலாம். நான் செய்தது அவ்வளவுதான். “என்ன சொன்னான்?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதை அம்மா விட்டுவிட்டார். இந்த விலையில் இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆனால் டிவி அதை ஒழுங்காக அனுப்ப வேண்டும். 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-லேயே ஏஆர்சி (டிவியின் சத்தத்தை அதே எச்டிஎம்ஐ ஒயர் வழியாகப் பெட்டிக்கு அனுப்பும் வசதி) உண்டு, இந்தப் பெட்டியில் அது இல்லை, ஆப்டிகல் ஒயர்தான். அது போதும், டால்பி டிஜிட்டல் 5.1 அதிலேயே வரும். டிவியின் ஆடியோ செட்டிங்கில் பிசிஎம் என்று இருந்தால் மட்டும் ஆப்டிகலில் இடது, வலது என்று இரண்டு சேனல்தான் வரும், அதாவது வெறும் ஸ்டீரியோ. பிட்ஸ்ட்ரீம் என்றோ பாஸ்த்ரூ என்றோ டால்பி டிஜிட்டல் என்றோ இருப்பதற்கு மாற்ற வேண்டும். ப்ளூடூத்தில் பாட்டுப் போட்டால் அது ஸ்டீரியோ மட்டுமே. ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதே என்று நினைக்கலாம், பெட்டி இரண்டைப் பிரித்து ஐந்துக்கும் ஊற்றுகிறது, அவ்வளவுதான். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. 5.1 வாங்கிவிட்டு ஸ்டீரியோவையே கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு, பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

வைக்கிற இடமும் முக்கியம். சென்டர் ஸ்பீக்கரை டிவி மேசையின் முன் விளிம்புக்கு இழுத்து வைத்து, முன்பக்கம் அடியில் ரப்பர் புஷ் கொடுத்து லேசாக நிமிர்த்தியிருக்கிறேன். உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்த்து அது பேச வேண்டும். பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் இருக்கைக்குப் பக்கவாட்டில், சற்றே பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே. கூட வரும் ஒயர் நூல் மாதிரி இருக்கிறது, பின்பக்கத்துக்கு நல்ல செம்பு ஒயராக வாங்கிப் போடுங்கள். சிவப்பும் கறுப்பும் மாறினால் பேஸ் வெளுத்துப்போகும்.

நம் வீடுகள் எல்லாம் சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. கை தட்டினால் கணீர் என்று திரும்பி வரும். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தேன், ‘ச’வும் ‘ஸ’வும் குத்துவது பாதி அடங்கியது. அம்மா யூடியூபில் வள்ளிக் கும்மி பார்ப்பார். அத்தனை பெண்கள் ஒன்றாகக் கை தட்டும்போது முன்பெல்லாம் தகரத்தில் ஆணி கொட்டியது போல் இருக்கும், இப்போது தட்டும் கைகள் வேறு வேறாகக் கேட்கின்றன.

பேஸுக்கு ஜமுக்காளம் உதவாது. அறை அகலம் பத்தடி, கூரை உயரமும் பத்தடி என்றால் இரண்டும் 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒன்றுசேர்ந்து கூவும். சப்-வூஃபர் மூலையில் இருந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் திம்மென்று எழுந்து மற்றதை எல்லாம் விழுங்கிவிடும். டிவி இருக்கும் பத்தடிச் சுவரின் நடுவை ஒட்டி வைத்தால் அடங்கும். உருமி மேளம் போட்டுப் பாருங்கள். குச்சியால் தோலைத் தேய்க்கும் அந்த உறுமல் ஏறி இறங்குவது தெரிந்தால் பெட்டி சரியான இடத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது, அத்தனை சுத்தமாக.

சரி, இப்போது அந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், பிளக்கைப் பிடுங்கிச் சொருகினால், வைத்த எதுவும் இருக்காது. சென்டர், பின் ஸ்பீக்கர், சப் எல்லாம் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். ஆப்டிகலில் இருந்தது ப்ளூடூத்துக்கு மாறிவிடும், அதையும் ஒரு பெண் குரல் நடுவீட்டில் கத்திச் சொல்லும். பாதி ராத்திரியில் கரண்ட் வந்தாலும் கத்தும். தூங்கும் குழந்தை எழுந்துவிடும்.

மறுபடி எல்லாவற்றையும் வைக்க வேண்டும். எண் காட்டும் சின்னத் திரை சப்-வூஃபரின் அடிப்பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. மண்டி போட்டுக் குனிந்துதான் பார்க்க முடியும். ரிமோட்டில் சென்டர் பட்டனை அழுத்தி, திரை மின்னும்போதே கூட்டல் குறியைத் தட்டவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் மின்னுவது நின்று மொத்த வால்யூம் ஏறிவிடும். எனக்குப் பழகிவிட்டது. அம்மாவால் முடியுமா? நான் வேலைக்குப் போன பிறகு கரண்ட் போய் வந்தால் அன்று முழுக்க அவர் வசனம் கேட்காத டிவிதான் பார்க்கிறார். எந்த வசதிக்காக வாங்கினேனோ அதுவே இல்லாமல் போகிறது.

நம் பக்கம் பிளக்கைப் பிடுங்காமல் இருக்க முடியுமா? சித்திரையில் கோடை மழை இடியோடு வரும், ஐப்பசியில் சொல்லவே வேண்டாம். வானம் இருட்டினாலே டிவி பிளக்கைப் பிடுங்குவதுதான் வழக்கம். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு நாள் பகல் கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டரில் போடலாம் என்பார்கள். எங்களுடையது ஸ்கொயர் வேவ் (கரண்ட்டை வளைவான அலையாகத் தராமல் சதுர அலையாகத் தரும் ரகம்), அதில் போட்டால் பெட்டி ‘ம்ம்ம்’ என்று இரைகிறது.

வாரண்டி இருந்தபோது சர்வீஸில் கேட்டேன். “எல்லா பீஸும் அப்படித்தான் சார் வருது” என்றார்கள். இப்போது ரிப்பேர் பார்த்தது ஈரோட்டில் தனியாகக் கடை வைத்திருக்கும் ஒருவர். பவர் சப்ளையில் இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தன. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கை ஒட்டி 85 டிகிரி வரை தாங்கும் கெப்பாசிட்டரை வைத்திருக்கிறார்கள், 105 டிகிரி தாங்குவதைப் போட்டுத் தந்தார். ஞாபக விஷயத்தை அவரிடமும் கேட்டேன். போர்டைத் திருப்பிக் காட்டினார். “இதெல்லாம் ஞாபகம் வெக்கறதுக்குன்னு ஒரு சின்ன சிப் வருமுங்கண்ணா, சில ரூபாதான். இதுல அதுக்கு எடமே உடல. நானே வாங்கிப் போட்டாலும் புரோகிராம்ல எழுதாம ஒண்ணும் ஆகாதுங்க.” சில ரூபாய்! நல்ல சென்டர் ஸ்பீக்கரைச் செய்யத் தெரிந்தவர்கள் அதில் போய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். உழைத்துச் செய்த பொருளை இப்படிக் கெடுக்கலாமா?

மச்சான், உங்கள் தோட்டத்தில் கிணற்று மோட்டார் எடுக்கும்போதெல்லாம் வீட்டு லைட் ஒரு நொடி மங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நொடி போதும் இதற்கு. அதனால் 6,500-க்கு இல்லை, பாதி விலைக்கு வந்தாலும் உங்களுக்கு வேண்டாம். அப்படியானால் என் பெட்டியை என்ன செய்யப் போகிறேன் என்று கேட்பீர்கள். யாருக்கும் தரமாட்டேன். இதே விலையில் அம்மாவுக்கு வசனம் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் இன்னொரு பெட்டியை நான் இதுவரை பார்க்கவில்லை.

வேறு எதைப் பார்த்தாலும் கடையிலேயே சென்டரை நாலு படி கூட்டி வைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி சொருகச் சொல்லுங்கள். வைத்த நாலு அப்படியே இருந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.