சிகிச்சைக் குதிரையேற்றச் சாமான்கள்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றத்துக்கு என்று விற்கிற சாமான்களில் நிறைய, ஏறியவரை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. பெற்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் குதிரை இடறும்போதும் மிரளும்போதும் உயிரைக் காப்பது பிடித்து வைக்கிற பட்டை அல்ல, சட்டென்று விட்டுவிடுகிற பட்டை. விழுந்தால் அடிபடலாம். விழுந்தும் குதிரையோடு மாட்டிக்கொண்டு இழுபட்டால் வெறும் காயத்தோடு போகாது. அதனால் ஒவ்வொரு சாமானிடமும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஆள் விழும்போது இது விடுமா?" என்பதுதான்.

ஏறியவர் பாதம் வைக்கும் வளையமான அங்கவடியில் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் பீகாக் வகை. வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் இரும்பு. மறுபக்கம் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு குமிழ், இரண்டுக்கும் நடுவே ஒரு தடித்த ரப்பர் வளையம், அதைக் குமிழோடு சேர்க்க ஒரு சின்னத் தோல் துண்டு. பாதம் பக்கவாட்டில் இழுத்தால் ரப்பர் தெறித்து வழி விட்டுவிடும். வேலை செய்யும்போது இதைப்போல எளிமையான பாதுகாப்பு வேறில்லை. வேலை செய்யாமல் போவதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, ரப்பர் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டுவது. அது எப்போதும் குதிரையின் உடலுக்கு வெளிப்புறமாக இருக்க வேண்டும். இரண்டாவது, வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிப்பது. விரலால் இழுத்துப் பாருங்கள், மயிரிழை அளவுக்கு வெடிப்பு தெரிந்தாலே மாற்றிவிட வேண்டும். ரப்பர் தீர்ந்துபோனதும் அந்த இடத்தில் நூலையோ கயிற்றையோ கட்டிவிடும் பழக்கம் பல லாயங்களில் உண்டு. கட்டிய நிமிடத்திலிருந்து அது பாதுகாப்பு அங்கவடி இல்லை. மூன்றாவது, எடை. ஒரு பக்கம் மட்டுமே இரும்பு என்பதால் கனமான பெரியவர்கள் மிதிக்க மிதிக்கத் தட்டு மெல்லச் சாயும். அங்கவடியைக் கழற்றி மேசை மேல் நிறுத்திப் பார்த்தால் சாய்வு பளிச்சென்று தெரியும். சாய்ந்ததை அடித்து நிமிர்த்தக் கூடாது. தூக்கிப் போட வேண்டியதுதான். சிறுவர்களுக்கும் இலேசான உடம்புக்காரர்களுக்கும் தாராளமாக வாங்கலாம்.

குதிகாலைக் கீழே அழுத்த முடியாதவர்களுக்கு பீகாக் மட்டும் போதாது. பாதம் முன்னால் வழுக்கி வளையத்துக்குள் முழுசாக நுழைந்துவிடும். அவர்களுக்கு டெவன்ஷயர் வகை: முன்பக்கம் தோலால் மூடியிருக்கும், விரல்பகுதிக்கு மேல் எதுவும் உள்ளே போகாது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் பலர் கணுக்கால் தாங்கி அணிந்திருப்பார்கள். அதன் மேல் காலணியும் போட்டால் பாதம் எதிர்பார்த்ததைவிட அகலமாகிவிடும். அளவெடுக்கும்போது தாங்கியோடும் காலணியோடும் அளந்து, அதற்கு மேல் சுமார் 2.5 செ.மீ. இடைவெளி விடுங்கள். அதைவிடக் குறைந்தால் பாதம் இறுகும். மலிவான தயாரிப்புகளில் தோல் மெலிசு. நனைந்து குழைந்ததும் பாதத்தின் மேலேயே படிந்து கவ்வும். முன்பக்கத்தை விரலால் அழுத்தினால் விறைப்பாக எதிர்த்து நிற்க வேண்டும்.

லகானில் இரண்டு வகை பிரபலம். வானவில் லகான் வண்ண வண்ணத் துண்டுகளாகத் தைத்தது. "சிவப்பைப் பிடி, இப்போ பச்சைக்குப் போ" என்று சொல்லிக்கொடுக்கலாம். இடவலம் குழம்புகிற குழந்தைக்கு இது வரப்பிரசாதம். ஏணி லகானில் இரண்டு வாருக்கும் குறுக்கே பட்டைகள் இருக்கும். ஒரு கை மட்டும் இயங்குபவர் குறுக்குப் பட்டையைப் பிடித்தே திருப்பவும் நிறுத்தவும் முடியும். கைப்பிடி வளையம் வைத்த லகானை மட்டும் பார்த்து வாங்குங்கள். விரல்கள் பிடிக்கும் அளவே போதும். கை முழுசாக உள்ளே போய் மணிக்கட்டு வரை நுழையும் வளையத்தை வாங்கவே கூடாது. எந்த லகானானாலும் முதலில் தலைக்கட்டின் பக்க வளையத்தில் மாட்டுங்கள், வாய்க் கடிவாளத்தில் வேண்டாம். கை நடுங்குபவரின் ஒவ்வொரு இழுப்பும் குதிரையின் வாயைப் புண்ணாக்கும், வலிக்கிற குதிரை தலையை உதறும்.

சேணத்துக்குப் பதிலாகத் தடித்த மெத்தை விரிப்பும் அதன் மேல் குதிரையின் உடலைச் சுற்றிக் கட்டும், கைப்பிடி வைத்த சர்சிங்கிள் பட்டையும் போடுவது பல இடங்களில் வழக்கம். இதை நாங்கள் மனதார ஆதரிக்கிறோம். குதிரையின் உடற்சூடும் நடையசைவும் நேராக இடுப்புக்கு வந்து சேரும். நடக்கிற மனிதரின் இடுப்பு அசைவதைப் போலவே மேல்கீழ், முன்பின், பக்கவாட்டு என்று மூன்று திசையிலும் ஏறியவரின் இடுப்பு அசைவதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. குறைகளும் உண்டு. பட்டை குதிரையின் முதுகெலும்பைத் தொடக் கூடாது. எலும்புக்கு இருபுறமும் திண்டு வைத்துத் தைத்து நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். கைப்பிடியில் தொங்குபவர் ஏறினால் பட்டை மெல்ல உருளும். ஏறியவுடன் ஒருமுறையும், சில நிமிடம் நடந்த பிறகு இன்னொரு முறையும் வயிற்று வாரை இறுக்குவது இங்கே கட்டாயம். அங்கவடி சேர்த்தே தைத்த விரிப்புகளும் விற்கின்றன. வாங்காதீர்கள். உள்ளே சட்டம் இல்லாததால் ஒரு காலில் எடை விழுந்தால் விரிப்பு மொத்தமும் சுழலும், அந்த ஒற்றைப் பட்டையின் அழுத்தமும் முதுகெலும்பில்தான் போய் விழும்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்கு விரிப்பின் மேல் ஆட்டு ரோமத் தோல் ஒன்று தேவை. உராய்ந்து புண்ணானாலும் அவர்களுக்கு வலி தெரியாது. இறங்கியதும் தோலைப் பாருங்கள். அரை மணி கழித்தும் சிவப்பு மாறாவிட்டால் விரிப்பு ஒத்துவரவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு எந்தச் சாமான் வாங்குவதற்கும் முன்னால், கழுத்து முதுகெலும்பின் மேலிருக்கும் முதல் இரண்டு கணுக்களும் உறுதியாக இருப்பதாக மருத்துவர் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் நடந்துவரும் உதவியாளர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி தைத்து, ஏறியவர் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டை நல்ல சாமான், ஆனால் தப்பாகவே அதிகம் பயன்படுகிறது. நடக்க நடக்க அதையே பிடித்து இழுத்தால் ஏறியவர் அந்தப் பக்கம் சாய்கிறார். தொடையின் மேல் முன்கையை வைத்து, சேணத்தின் விளிம்பைப் பிடிப்பதே சரியான தாங்கல். பட்டை அவசரத்துக்கு மட்டும். ஆளைச் சேணத்தோடு கட்டும் கொக்கிப் பட்டைகள் எந்த விலையிலும் வேண்டாம். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் பிரிவில் வெள்ளி வென்றார். ஏறவும் இறங்கவும் அவருக்கு உதவி தேவைப்பட்டது. மேலே அமர்ந்தபின் சமநிலையே அவரது பலம்.

ஹெல்மெட்: குதிரையேற்றத்துக்கான தரச்சான்று உள்ளது மட்டும். சைக்கிள் ஹெல்மெட் பின்தலையைப் போதுமான அளவு மறைப்பதில்லை. கழுத்து தளர்ந்தவருக்கு எடை குறைந்ததைத் தேடுங்கள். ஒருமுறை அடிபட்டதை மறுபடி மாட்டக் கூடாது, வெளியே கீறல் தெரியாவிட்டாலும்.

கடைசியாக ஏற்றச் சரிவு, அதாவது சக்கர நாற்காலியோடு ஏறி, குதிரை மேல் மாறி உட்கார உதவும் மேடைக்கான சாய்தளம். விளம்பரங்களில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் படத்தில் எல்லாமே குட்டையாக, அடக்கமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிரையின் உயரம் 140 செ.மீ., சக்கர நாற்காலியின் இருக்கை 50 செ.மீ. என்றால் மேடை 90 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். 12-க்கு 1 (12 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. உயரம்) என்ற பாதுகாப்பான சாய்வில் அதற்கு 10.8 மீட்டர் நீளம், நடுவில் நின்று இளைப்பாற ஒரு சமதளம். 4 மீட்டர் சரிவை விற்பவர், நாற்காலியைத் தள்ளுபவரின் முதுகை விலை பேசுகிறார். மேடையின் குதிரைப்பக்க விளிம்பில் சக்கரம் தாண்டாதபடி தடுப்புக் கட்டை வேண்டும், கைப்பிடிக் கம்பி வேண்டாம். எதிர்ப்புறம் இன்னொரு உதவியாளர் நிற்க ஒரு சிறு மேடை தேவை. அது நகர்த்தக் கூடியதாக இருக்கட்டும். இருபுறமும் நிலையாக அடைத்துவிட்டால், குதிரை நகரும்போது நடுவில் ஏறியவரின் கால் நசுங்கும். தரை தகரமாக இருந்தால் சக்கரம் ஏறும் சத்தத்துக்கே குதிரை மிரளும், ரப்பர் பாய் விரித்த பிறகே பழக்கத் தொடங்குங்கள்.