நியூகிரேஞ்சா, லாக்ரூ குன்றா?

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் எங்களுக்கு ஒரு பகல்தான் மிஞ்சியிருந்ததால், மீத் கவுண்டியிலுள்ள நியூகிரேஞ்ச், லாக்ரூ என்ற இரண்டு தொல்பழங்கால ஈமச்சின்னங்களில் ஒன்றை மட்டுமே பார்க்க இயலும் என்ற நிலை. இரண்டுமே 5,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. வண்டியில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். நாங்கள் லாக்ரூவுக்குச் சென்றோம்.

நியூகிரேஞ்சின் பெருமையை மறுப்பதற்கில்லை. 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற தொகுதியைச் சேர்ந்த அதன் 19 மீட்டர் நடைவழி வழியாக வழிகாட்டியுடன் உள்ளறை வரை செல்லலாம். லாக்ரூவின் முதன்மையான ‘டி’ (T) கற்குவையோ, அதாவது கல்லறைமேல் கற்களைக் குவித்த அமைப்போ, கட்டமைப்புப் பாதுகாப்புக் கருதி 2018-இல் மூடப்பட்டுவிட்டது. உள்ளே நுழைவதே நோக்கமென்றால் நியூகிரேஞ்சுதான்.

ஆயினும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது பிற்காலத்தவர் கைவைத்த அளவு. நியூகிரேஞ்சின் முகப்பில் பளிச்சிடும் வெண்படிகக்கல் சுவர், 1962 முதல் 1975 வரை அகழாய்வு நடத்திய தொல்லியலாளர் ஓ'கெல்லி, சரிந்து கிடந்த கற்களைக் கொண்டு மீட்டமைத்த வடிவம். அதைத் தாங்கி நிற்பது கான்கிரீட். அக்கற்கள் சுவராக நின்றவையல்ல, வாசலின் முன் தரையில் பரப்பப்பட்டவை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு; எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

‘கிழவியின் மலை’ என்று ஐரிஷ் மொழியில் வழங்கும் லாக்ரூவில் அத்தகைய முகப்பு எதுவும் இல்லை. ஆடு மேயும் புல்சரிவில் மூச்சிரைக்க ஏறினால், 276 மீட்டர் உயர உச்சியில் சாம்பல் நிறக் கற்குவியல் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. கிழவி ஒருத்தி தன் மடியிலிருந்து சிந்திய கற்களே இவை என்பது ஊர்க்கதை. அவள் அமர்ந்ததாகச் சொல்லப்படும் நாற்காலிக் கல் குவையின் வடபுறத்தில் இருக்கிறது. இங்கும் மனிதக் கை படாமலில்லை: 1860-களில் தொல்பொருள் ஆர்வலர் கான்வெல் தோண்டினார்; பல குவைகளின் கற்கள் களவுபோயின. ஆனால் அந்தக் களவினாலேயே, சுற்றியுள்ள சிறு குவைகள் கூரையிழந்து, சுழிகளும் வட்டங்களும் செதுக்கிய கற்களைத் திறந்த வெளியில் காட்டி நிற்கின்றன. பூட்டிய கதவின் ஏமாற்றம் அவற்றின் நடுவே நின்றபோது பெரிதும் தணிந்தது.

ஒளி விஷயத்தில் என் அனுபவம் குறைவு. நியூகிரேஞ்சில், ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தின்போது காலைக்கதிர் உள்ளறை வரை பாயும்; அப்போது அங்கே நிற்கக் குலுக்கலில் பெயர் விழவேண்டும். மற்ற நாட்களில் மின்விளக்கால்தான் அக்காட்சியைக் காட்டுகிறார்கள். லாக்ரூவின் ‘டி’ குவையில் பகலும் இரவும் சமமாகும் நாட்களின் காலைக்கதிர் பின்சுவர்க் கல்லில் விழும். நாங்கள் சென்றது ஜூன் மாதம் என்பதால் அதை நான் கண்டதில்லை; மழை நாளில் அச்சரிவு எவ்வளவு வழுக்கும் என்றும் கூற இயலாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் உடன் வந்தால் நியூகிரேஞ்சுக்கே அழைத்துச் செல்லுங்கள்.