முட்டைப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் மூன்று இலக்க எண்: ஒன்பது ஆண்டு அனுபவம்

நாமக்கல்லில் வளர்ந்த எனக்கு முட்டையைப் பார்த்து வாங்க வேண்டும் என்ற எண்ணமே இருந்ததில்லை. முப்பது முட்டை கொண்ட அட்டைகள் லாரி லாரியாக வெளியூருக்குக் கிளம்பும் ஊர் அது. சந்தேகம் என்று யாராவது சொன்னால் கடைக்காரர் முட்டையைக் குண்டு பல்புக்கு நேரே பிடித்துக் காட்டுவார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். நியூ ஜெர்சிக்குக் குடிவந்த பிறகுதான், பேரங்காடியின் குளிர்பெட்டி முன்னால் பத்துப் பன்னிரண்டு வகை டசன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு எதை எடுப்பதென்று தெரியாமல் நின்றேன். ஒன்பது ஆண்டுகளாக வாரம் ஒரு பெட்டி வாங்கிப் பழகியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் தேதியை மட்டும் பார்த்துத்தான் வாங்கினேன். அது என்னை நன்றாகவே ஏமாற்றியது. ஒருமுறை இரண்டு கடைகளில் வாங்கிய இரண்டு பெட்டிகளிலும் மார்ச் 28 என்றே இருந்தது. ஒன்றில் உடைத்த முட்டையின் மஞ்சள்கரு கல்லின் மேல் குமிழாக நிமிர்ந்து நின்றது. வெள்ளைக்கரு அதைச் சுற்றித் தடித்த வளையமாகக் கட்டியிருந்தது. மற்றதில் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடிக் கல்லின் விளிம்பைத் தொட்டது. ஆஃப்பாயிலுக்கு அது உதவவே இல்லை. பெட்டிகளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்றில் ‘செல் பை’ (கடை இதற்குள் விற்க வேண்டும்) என்றும் மற்றதில் ‘பெஸ்ட் பை’ (இதற்குள் உண்டால் தரம் நன்றாக இருக்கும்) என்றும் இருந்தது கண்ணில் பட்டது. அமெரிக்க வேளாண் துறையின் தர முத்திரை பெற்ற பெட்டியில் ‘செல் பை’ தேதி முட்டையைப் பெட்டியிலிட்ட நாளிலிருந்து 30 நாட்களைத் தாண்டக் கூடாது. ‘பெஸ்ட் பை’ 45 நாட்கள் வரை போகலாம். ஆகவே ஒரே தேதியைக் காட்டும் இரண்டு பெட்டிகளுக்கு இடையே பதினைந்து நாள் வயது வித்தியாசம் இருக்க முடியும்.

இந்தக் குழப்பத்துக்கு விடை, அதே தேதிக்கு அருகில் சிறிதாக இருக்கும் மூன்று இலக்க எண்ணில் இருக்கிறது. அது பெட்டியிலிட்ட நாளை ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்கில் சொல்வது: ஜனவரி 1 என்றால் 001, டிசம்பர் 31 என்றால் 365. என் இரண்டு பெட்டிகளில் ஒன்றில் 058 என்றும் மற்றதில் 043 என்றும் இருந்தன. அதாவது பிப்ரவரி 27, பிப்ரவரி 12. தர முத்திரை உள்ள பெட்டிகளில் இந்த எண் கட்டாயம் என்பதால், இப்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். அன்றைய நாளின் எண்ணிலிருந்து அதைக் கழித்து, பத்துக்குள் வந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்வேன். முன்வரிசைப் பெட்டிகளுக்கும் பின்வரிசைப் பெட்டிகளுக்கும் ஒரு வாரம் வரை வேறுபாடு இருப்பதுண்டு. கையை உள்ளே விட்டுத் துழாவ நான் கூச்சப்படுவதில்லை.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும் இன்னோர் எண் இருக்கும். அது முட்டையைப் பெட்டியிலிட்ட ஆலையைக் குறிப்பது. விலை கூடிய பெட்டியிலும் கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவுப் பெட்டியிலும் அதே ஆலை எண்ணைச் சில முறை பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே கோழிகளின் முட்டை என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் பெட்டியின் பளபளப்புக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் ஆசை எனக்கு அதற்குப் பிறகு குறைந்துவிட்டது.

‘ஏஏ’, ‘ஏ’ என்னும் தரங்கள் முட்டையின் உள்ளே உள்ள காற்றறை எவ்வளவு சிறியது, வெள்ளைக்கரு எவ்வளவு கெட்டி என்பவற்றை வைத்துத் தரப்படுபவை. அங்கும் முட்டையை விளக்கொளிக்கு நேரே வைத்துத்தான் பார்க்கிறார்கள் என்று அறிந்தபோது எங்கள் ஊர்க் கடைக்காரர் நினைவுக்கு வந்தார். தரம் பெட்டியிலிட்ட நேரத்துக்கு உரியது என்பதால், மூன்று வாரம் கடந்த ‘ஏஏ’யைவிட மூன்று நாள் ஆன ‘ஏ’யையே நான் எடுப்பேன். ‘லார்ஜ்’ என்பது தனி முட்டையின் அளவன்று, டசனின் எடை: குறைந்தது 24 அவுன்ஸ், ஏறக்குறைய 680 கிராம். ‘எக்ஸ்ட்ரா லார்ஜ்’ 27 அவுன்ஸ். விலை வேறுபாடு எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் பெரியதே லாபம்.

பெட்டியின் முகப்பில் உள்ள சொற்களில் பெரும்பாலானவை புதுமையைப் பற்றிப் பேசுவதே இல்லை. ‘கேஜ் ஃப்ரீ’ என்றால் கோழி கூண்டில் இல்லை, கொட்டகைக்குள் நடமாடுகிறது என்று பொருள்; வெயிலைப் பார்க்கிறது என்று பொருளில்லை. ‘ஃப்ரீ ரேஞ்ச்’ கோழிக்கு வெளியே போக வழி உண்டு. ‘ஹார்மோன் இல்லை’ என்பதைப் பெருமையாக அச்சிடுவது எனக்கு எரிச்சலூட்டும், ஏனெனில் இந்த நாட்டில் எந்தக் கோழிக்கும் ஹார்மோன் கொடுக்க அனுமதியே இல்லை. ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’ என்பது வெறும் அலங்காரம். பழுப்பு ஓடு கோழியின் இனத்தால் வருவது. மஞ்சள்கருவின் ஆரஞ்சு நிறம் தீவனத்தால் வருவது, தீவனத்தில் செண்டுமல்லி இதழைச் சேர்த்தாலே அந்த நிறம் கிடைத்துவிடும். கோழி எப்படி வாழ்கிறது என்பதில் அக்கறை உள்ளவர்கள் ‘சர்ட்டிஃபைடு ஹியூமேன்’ போன்ற வெளிச்சான்றைப் பார்க்கலாம். அதன் ‘பாஸ்ச்சர் ரெய்ஸ்டு’ விதிப்படி ஒரு கோழிக்கு 108 சதுர அடி மேய்ச்சல் நிலம் வேண்டும். கையில் காசு இருக்கும் மாதங்களில் நானும் அதை வாங்குகிறேன், சுவைக்காக அல்ல.

2025 மார்ச்சில், பறவைக் காய்ச்சலால் நாடு முழுவதும் ஒரு டசனின் சராசரி விலை 6.23 டாலரைத் தொட்டபோது, எந்தப் பெட்டி கிடைத்ததோ அதை எடுத்து வந்தோம். வந்த உடனே விற்றுத் தீர்ந்ததால் அந்த வாரங்களில் எனக்குக் கிடைத்த முட்டைகள் எல்லாம் மிகப் புதியவையாகவே இருந்தன.

பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு முட்டையையும் விரல் நுனியால் சற்றே சுழற்றிப் பார்ப்பேன். அசையாமல் ஒட்டிக்கொள்ளும் முட்டை அடியில் விரிசல் விட்டுக் கசிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அது தெரியாது.

வீட்டில் நடந்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். அம்மா இங்கு வந்திருந்தபோது, ஊர் வழக்கப்படி முட்டைகளைக் கம்பிக் கூடையில் அடுக்கி மேடை மேல் வைத்துவிட்டார். இங்கே முட்டையைக் கழுவித்தான் விற்கிறார்கள். ஓட்டின் நுண்துளைகளை மூடியிருக்கும் இயற்கைப் பூச்சு அதில் போய்விடுவதால் குளிர்பெட்டி கட்டாயமாகிறது. விவரம் சொன்னதும் அம்மா ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து முட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாமே படுத்துக் கிடந்தன. ஆனால் அந்தச் சோதனை காற்றறை எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதைத்தான், அதாவது வயதைத்தான் சொல்லும். இரவு முழுக்க வெளியில் இருந்த முட்டையில் கிருமி பெருகியதா என்று சொல்லாது. மனமில்லாமல் எறிந்தோம்.

முட்டைக் குழம்புக்கு மட்டும் நான் புதிய பெட்டியைத் தொடுவதில்லை. மிகப் புதிய முட்டையை அவித்தால் ஓட்டோடு சேர்ந்து வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்துவிடும். கரியமில வாயு மெல்ல வெளியேறி வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடிய பிறகே உரிப்பது எளிதாகிறது. அதற்காக இரண்டு வாரம் ஆன பெட்டி ஒன்று எப்போதும் குளிர்பெட்டியின் அடித்தட்டில் இருக்கும்.

தீராத குறை ஒன்றே: அந்த மூன்று இலக்க எண்ணைச் சாம்பல் நிறக் காகிதக்கூழ்ப் பெட்டியில் மையே இல்லாமல் அழுத்திப் பதிக்கிறார்கள். கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் 3 எது, 8 எது என்று தெரிகிறது.