78 வயதில் காலில் ரத்தக்கட்டி: ஊரில் அம்மாவுக்குப் பார்த்த வைத்தியம்

இந்த முறை ஊரில் இருந்த நாட்களில் பெரும்பகுதி அம்மாவின் இடது காலுக்கே போய்விட்டது. கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார். கட்டைப் பிரித்த பிறகு கெண்டைக்கால் வீங்கிக்கொண்டே போனது. முதலில் போன கிளினிக்கில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வயசாயிடுச்சுல்ல, கட்டுப் பிரிச்சா வீங்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. பிரசவத்துக்குப் பிறகு, 31 வயதில், எனக்கே காலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறது. வலிக்கிறது என்று சொன்ன அன்றே எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 78 வயது அம்மாவுக்கு அந்த அக்கறை ஏன் கிடைக்கவில்லை?

இத்தனைக்கும் வயதானவர்களுக்குத்தான் இந்த ஆபத்து மிக அதிகம். இளவயதினரில் ஆண்டுக்குச் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு நாளங்களில் கட்டி உண்டாகிறது. மிக முதிய வயதில் அது 100 பேரில் ஒருவர் என்ற அளவை நெருங்குகிறது. வயது ஏற ஏற ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் போன்ற உறையவைக்கும் பொருட்கள் கூடுகின்றன. நாளங்களுக்குள் இருக்கும் வால்வுகள் தளர்கின்றன. கெண்டைத் தசை வற்றுவதால் ரத்தத்தை மேலே தள்ளும் விசையும் குறைகிறது. இதோடு எலும்பு முறிவும் படுக்கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்து போன மருத்துவமனையில் டாக்டர் முதலில் அளவு நாடாவைத்தான் எடுத்தார். இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்தார். 4 செ.மீ. வித்தியாசம். 3 செ.மீ.க்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும் என்றார். அன்று மதியமே டாப்ளர் ஸ்கேன். கருவியால் அழுத்தும்போது நல்ல நாளம் தட்டையாகிவிடும், கட்டி இருக்கும் நாளம் அமுங்காது. அம்மாவின் தொடை நாளம் அமுங்கவில்லை.

லேப் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பெரியம்மாவுக்கு வயது 82. அம்மாவுக்கு இப்படி என்று கேள்விப்பட்ட பயத்தில் தானாகவே போய் டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் சேரும் துணுக்குகளை அளப்பது) பரிசோதனை செய்துகொண்டார். முடிவு 690. தாளில் 500-க்கு மேல் அசாதாரணம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்ததால் அன்றிரவு அவர் தூங்கவில்லை. கட்டி இல்லாவிட்டாலும் வயதோடு டி-டைமர் ஏறும். அதனால் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, கட்டி இருக்கும் வாய்ப்புக் குறைவு என்று மருத்துவர் கருதினால், வயதை 10-ஆல் பெருக்கி எல்லையாக வைத்துக்கொள்ளலாம். நுரையீரலில் போய் அடைக்கும் ரத்தக்கட்டி விஷயத்தில் இதை உறுதிசெய்த ஐரோப்பிய ஆய்வு 2014-லேயே வெளிவந்துவிட்டது. 82 வயதுக்கு எல்லை 820. டாக்டர் பெரியம்மாவின் கால்களைப் பார்த்து, கேள்விகள் கேட்டு, "பயப்படாதீங்கம்மா, ஸ்கேன் தேவையில்லை" என்றார். எல்லா வயதுக்கும் ஒரே எல்லையை அச்சடித்துத் தரும் லேப்கள், வயதுக்கேற்ற எல்லையையும் ஒரு வரியில் போடலாமே. அம்மாவைப் போல வீக்கமும் காரணமும் தெளிவாக இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் நேரே ஸ்கேனுக்குப் போவதுதான் சரி.

அம்மாவுக்கு மருந்து எழுதுவதற்கு முன் டாக்டர் எடையும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்பதையும் கேட்டார். அம்மாவின் கிரியாட்டினின் 1.0, பார்க்க நல்ல எண். ஆனால் 78 வயது, 46 கிலோ என்று போட்டுக் கணக்கிட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 34 மில்லிதான் சுத்திகரிக்கிறது. அதே 1.0 என் 31 வயதில், 62 கிலோ எடையில் இருந்திருந்தால் 80 வந்திருக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் ரத்தம் உறையாமை மருந்து கொடுப்பது ஆபத்து. சில மருந்துகள் பெருமளவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. சுத்திகரிக்கும் அளவு 30-க்குக் கீழே போனால் அப்படிப்பட்ட டாபிகட்ரான் கூடாது. எனாக்ஸபாரின் ஊசியின் அளவையும் அப்போது குறைக்க வேண்டும். சிறுநீரகத்தைக் குறைவாக நம்பியிருக்கும் அபிக்ஸபானை அம்மாவுக்குத் தேர்ந்தெடுத்தார்: முதல் 7 நாள் 10 மி.கி. இரண்டு வேளை, அப்புறம் 5 மி.கி. இரண்டு வேளை.

மருந்துக் கடையில்தான் சிக்கல். "இந்த வயசுக்கு 2.5 போதும்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வயது 80, எடை 60 கிலோ, கிரியாட்டினின் 1.5 என்று பார்த்து அளவைக் குறைக்கும் விதி, இதயத் துடிப்புச் சீரற்றவர்களுக்குப் பக்கவாதம் வராமல் தடுக்கக் கொடுக்கும்போது பொருந்துவது. காலில் புதிதாக வந்த கட்டிக்கு வயதைக் காட்டி அளவைப் பாதியாக்கக் கூடாது. கட்டி வளர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். டாக்டரிடம் போனில் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் வாங்கினேன்.

கேட்ட கேள்விகளிலும் வயது தெரிந்தது. எனக்குக் கட்டி வந்தபோது என்னிடம் குடும்பத்தில் யாருக்காவது கட்டி வந்திருக்கிறதா, கருத்தடை மாத்திரை உண்டா என்று கேட்டார்கள். அம்மாவிடம் எடை குறைந்ததா, மலத்தில் ரத்தம் போகிறதா, எத்தனை முறை விழுந்தீர்கள், வேறு என்ன மாத்திரை என்று கேட்டார்கள். மூட்டு வலிக்கு அம்மா டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. ரத்தம் உறையாமை மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் என்று நிறுத்தி, பாராசிட்டமால் எழுதினார். விழுந்துவிடுவார் என்ற பயத்துக்காக மருந்தையே நிறுத்த வேண்டாம், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் குளியலறையில் கைப்பிடி எங்கே வேண்டும் என்று குறித்துக் கொடுத்து, அம்மாவைப் படுக்கவிடாமல் நடக்கவும் வைத்தார். அருமையான பெண்.

எலும்பு முறிவு, மாவுக்கட்டு என்ற தெளிவான காரணம் இருப்பதால் மூன்று மாதம் மருந்து, அப்புறம் மறுபரிசீலனை. அதற்கு முன் கிரியாட்டினினும் ஹீமோகுளோபினும் மறுபடி பார்க்க வேண்டும். தேதியைத் தம்பியின் போனில் குறித்துவைத்துவிட்டு வந்திருக்கிறேன்.