புதைந்து கிடக்கும் ஆயில் டேங்க்: தோண்டி எடுப்பதா, மணல் நிரப்பி மூடுவதா?

நியூஜெர்சியில் எடிசன், பிஸ்கேட்டவே, பார்சிப்பனி பக்கம் 1940 முதல் 60கள் வரை கட்டிய வீடுகளை நம்மவர்கள் நிறைய வாங்குகிறார்கள். அவற்றில் பல இன்று கேஸில் சூடாகின்றன. ஆனால் கேஸ் வருவதற்கு முன் ஆயில் எரித்த வீடு என்றால், தோட்டத்திலோ டிரைவ்வே ஓரத்திலோ ஓர் இரும்பு டேங்க் இன்னும் மண்ணுக்குள் இருக்கலாம். அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சில உண்டு. சுவரோரம் டேங்கின் காற்று வெளியேறும் ஒன்றேகால் அங்குல வென்ட் குழாய் நிற்கும். புல்லுக்குள், ஆயில் ஊற்றும் 2 அங்குல ஃபில் குழாயின் மூடி தட்டுப்படும். பேஸ்மென்ட் சுவரிலோ தரையிலோ இரண்டு மெல்லிய செம்புக் குழாய்கள் வெட்டி நசுக்கப்பட்டிருக்கும். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் டேங்க் தேடும் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

டேங்க் இருப்பது உறுதியானால் முன்னால் மூன்று வழிகள். அப்படியே வைத்துப் பயன்படுத்தலாம். உள்ளே சுத்தம் செய்து மணலோ ஃபோமோ நிரப்பி இருந்த இடத்திலேயே மூடலாம். தோண்டி வெளியே எடுக்கலாம். நாங்கள் தேர்ந்தது மூன்றாவது. எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும், காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக வேண்டும். பெட்ரோல் பங்க்குகளின் நிலத்தடி டேங்குகளுக்கான மத்திய அரசு விதிகள் வீட்டுச் சூட்டுக்கான ஆயில் டேங்கைத் தொடுவதில்லை. மாநிலமும் கசியாத வீட்டு டேங்கை எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. இதைக் கேட்டுப் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் கசிந்துவிட்டால் 1976-ல் வந்த நியூஜெர்சி ஸ்பில் சட்டம் குறுக்கே வரும். அந்தச் சட்டத்தில் அலட்சியம் இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. கசிவுக்குப் பொறுப்பானவர் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். கசிவு இருப்பது தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ இடத்தை வாங்கியவரும் அதில் மாட்டுவார்.

விற்றுவிட்டால் தொல்லை விட்டது என்றும் இருக்க முடியாது. மோரிஸ்டவுன் அசோசியேட்ஸ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்ன தீர்ப்பு இதுதான்: சுத்தம் செய்தவர் மற்றப் பொறுப்பாளிகளிடம் செலவில் பங்கு கேட்டுத் தொடுக்கும் வழக்குக்குக் காலவரம்பு கிடையாது. அந்த வழக்கின் மூலமும் ஒரு ஹீட்டிங் ஆயில் டேங்க்தான், அதன் ஃபில், வென்ட் குழாய்களில் விழுந்த ஓட்டைகள்தான். டேங்க் நன்றாக இருந்தாலும் குழாய் ஒழுகலாம் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

அப்படியே வைத்துக்கொள்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றைச் சுவர் இரும்பு டேங்க், மேலே தார்ப்பூச்சு, அவ்வளவுதான். வெளியே ஈரமண்ணும் நிரப்பும்போது விழுந்த கல்லும் பூச்சைக் கீறி அரிக்கின்றன. உள்ளே, ஆயிலைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கி அரிக்கிறது. ஃபில் குழாய்க்கு நேர் கீழே அளவுகோல் குச்சி ஆண்டுக்கணக்கில் இடித்து இடித்துத் தேய்ந்த இடம் வேறு. குச்சியின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி இறக்கினால், தண்ணீர் பட்ட உயரம் வரை நிறம் மாறும். பெருமழைக்குப் பிறகு அந்த உயரம் கூடியிருந்தால் ஓட்டை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டேங்குக்குள் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் வேக்யூம் சோதனை இன்றைக்கு ஓட்டை இல்லை என்பதை மட்டும் சொல்லும். நிரப்பும்போது வழிந்து மண்ணில் இறங்கியதைச் சொல்லாது. சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் இந்த மாசு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். டேங்குக்கென்று தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே நடந்த கசிவை அது ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான்.

நிரப்பி மூடுவதில் கவர்ச்சி உண்டு. பெரிய பள்ளம் இல்லை, புல்வெளி பிழைக்கும், டிரைவ்வே உடையாது, ஒரே நாளில் முடியும். டேங்கின் மேல்பகுதி தெரியும் அளவுக்கு மட்டும் தோண்டி, தகட்டில் ஆள் இறங்கும் அளவுக்கு வெட்டி, மிச்ச ஆயிலையும் கசடையும் உறிஞ்சி எடுத்து, உட்சுவரைத் துடைத்து, பிறகு நிரப்புவார்கள். வழக்கமான 550 கேலன் டேங்க் 4 அடி விட்டம், 6 அடி நீளம். அது நிறைய ஏறக்குறைய இரண்டு கன மீட்டர் மணல், அதாவது மூன்று டன்னுக்கு மேல் வேண்டும். உலர்ந்த மணலை மேலிருந்து கொட்டினால் இரு முனைகளிலும் மேல் வளைவிலும் வெற்றிடம் நிற்கும். தண்ணீர் விட்டு இறக்க வேண்டும், அல்லது சிமென்ட் குழம்பாக ஊற்ற வேண்டும். ஃபோம் மூலை முடுக்கெல்லாம் போய் நிறையும், கனமும் இல்லை. ஆனால் ஃபோம் நிரப்பிய டேங்குகளை நெடுங்காலம் கழித்துத் திறந்து பார்த்த அனுபவம் மணல் அளவுக்கு இல்லை. அதில் என் தீர்ப்பு அரைகுறைதான்.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் நிரப்பிய டேங்கில் ஒரு குறை தீராது: அதன் அடிப்பக்கத்தை யாரும் பார்க்கவே இல்லை. ஓட்டை பெரும்பாலும் விழுவது அங்கேதான். ஊசித்துளைகளைத் துருவும் களிமண்ணும் அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே இறங்கித் துடைப்பவர் டார்ச் அடித்துப் பார்த்தாலும் தப்பிவிடும். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவது டேங்க் சுத்தமாகி, முறையாக நிரப்பப்பட்டது என்பதற்குத்தான். கீழே மண் சுத்தம் என்று அவர் சொல்லவில்லை.

விற்கும் நாளில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கான்டிராக்ட் கைக்கு வந்த பிறகு இரு தரப்பு அட்டர்னிகளுக்கும் மூன்று வேலை நாள் பரிசீலனை உண்டு. வாங்குபவரின் அட்டர்னி டேங்க் தேடலை அப்போதே நிபந்தனையாகச் சேர்த்துவிடுவார். புதைந்த இரும்பைக் காட்டும் காந்தமானியோடு ஒருவர் வந்து தோட்டத்தை நடந்து அளப்பார். மணல் நிரப்பிய டேங்கும் இரும்புதான், கருவி கத்தும். உடனே கேள்வி வரும்: மண் சோதனை அறிக்கை எங்கே? 'பெர்மிட் வாங்கி மூடினோம்' என்ற பதில் பல அட்டர்னிகளுக்கும் கடன் தரும் வங்கிகளுக்கும் போதாது. எடுத்துவிட்டு வாருங்கள் என்பார்கள். அப்போது தோண்டினால் மூன்று டன் மணலையும் முதலில் வெளியே அள்ள வேண்டும். கசடு கலந்த மணலைச் சாதாரணக் குப்பையாகக் கொட்ட முடியாது. அதை அப்புறப்படுத்துவதற்குத் தனிக் கட்டணம். மூடியதற்கு ஒரு முறை, மூடியதைத் திறந்து எடுப்பதற்கு அதைவிடக் கூடுதலாக மறுமுறை என்று செலவு இரட்டிக்கும். அதுவும் வீடு கைமாறும் க்ளோசிங் தேதி கழுத்தை நெரிக்கும் வேளையில், கான்டிராக்டர் சொன்ன விலைக்கு.

தோண்டி எடுக்கும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று பார்ப்போம். கான்டிராக்டருக்கு மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் டேங்க் மூடல் சான்றிதழ் இருக்க வேண்டும். டவுன் கட்டுமான அலுவலகத்தின் பெர்மிட் வேண்டும். தோண்டுவதற்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பு, தோண்டுபவர்கள் தகவல் சொல்லும் 811 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொன்னால் நிலத்தடிக் குழாய், கம்பிகளுக்கு நிறக்கோடு போட்டுவிடுவார்கள்: கேஸ் மஞ்சள், மின்சாரம் சிவப்பு, தண்ணீர் நீலம். உங்கள் சொந்த ஸ்பிரிங்க்ளர் குழாயையும் கிரில்லுக்குப் போகும் கேஸ் குழாயையும் அவர்கள் குறிக்க மாட்டார்கள். அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பள்ளம் வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிப் போகிறதென்றால் மண் சரியாமல் தாங்கல் கொடுப்பது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

மண்ணை ஒதுக்கி, டேங்கின் மேல் தகட்டை வெட்டுவதற்கு முன் ஆவி அளவைச் சோதிப்பார்கள். தீப்பொறி கிளம்பாத கருவியால்தான் வெட்ட வேண்டும். கசடை உறிஞ்சி, துடைத்து, பிறகு தூக்குவார்கள். கவனிக்க வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான். டேங்கைப் புரட்டிப் போட்டு, அடியில் ஒட்டிய மண்ணையும் துருச் செதிலையும் சுரண்டச் சொல்லுங்கள். சுரண்டாத டேங்க் ஓட்டை இல்லாததுபோலவே தெரியும். சுரண்டிய இடத்தில் செதில் உதிர்ந்து வெளிச்சம் தெரிவது உண்டு. அந்த நிலையில் புகைப்படம் எடுங்கள், வீட்டு முகப்பும் படத்தில் விழும்படி. பள்ளத்தின் அடிமண் சாம்பல் பூத்தோ கறுத்தோ இருந்தாலும், ஆயில் வாடை வந்தாலும் சந்தேகம்தான். எதுவுமே இல்லாவிட்டாலும் டேங்க் இருந்த நீளத்தில் அடிமண்ணிலிருந்து மாதிரிகள் எடுத்து லேபுக்கு அனுப்புவது நல்லது. மொத்தச் செலவில் இது சிறு பங்கு. பின்னால் ஆயிரம் வாதங்களுக்கு இந்த ஒரு தாளே பதில்.

இன்ஸ்பெக்டர் வந்து டேங்கையும் பள்ளத்தையும் பார்க்கும் வரை மண் தள்ளக் கூடாது. லாரி காத்திருக்கிறது என்று கான்டிராக்டர் அவசரப்படுவார், விட்டுக்கொடுக்காதீர்கள். மூடும்போது சுத்தமான மண் என்று சான்று உள்ள நிரப்புமண்ணை அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். ஒரேயடியாகத் தள்ளினால் அடுத்த மழைக்காலத்தில் பள்ளம் விழும்.

ஃபில் குழாயையும் அதோடு எடுத்தாக வேண்டும். சில இடங்களில் டேங்கை வெளியில் எடுத்துவிட்டு, அல்லது பேஸ்மென்ட் டேங்கைக் கழற்றிவிட்டு, சுவரில் ஃபில் குழாயை மட்டும் விட்டுவிடுகிறார்கள். தவறான முகவரிக்கு வந்த ஆயில் லாரி அந்தக் குழாயில் ஹோஸை மாட்டி நூற்றுக்கணக்கான கேலனைப் பேஸ்மென்டுக்குள் இறக்கிய விபத்துகள் நடந்திருக்கின்றன. மூடி போட்டால் போதாது, குழாயே இருக்கக் கூடாது.

ஓட்டை தெரிந்தால்? சுற்றுச்சூழல் துறையின் அவசர எண்ணுக்கு உடனே தெரிவிப்பது சட்டக் கடமை. அந்தக் கசிவுக்கென்று கோப்பு எண் ஒன்று தருவார்கள். மாசுபட்ட மண்ணை எடுத்து, மீண்டும் சோதித்து, அறிக்கை சமர்ப்பித்தால் மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்ற கடிதம் வரும். அந்தக் கடிதம் கையில் இருந்தால், கசிந்த டேங்க் இருந்த வீடும் தடையில்லாமல் விலைபோகும். டேங்கைச் சும்மா எடுப்பதற்குச் சில ஆயிரம் டாலர் என்றால், மண் சுத்தம் பத்தாயிரங்களில் போகும். நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் கணக்கு வேறு. அந்த நிலையில் பழைய வீட்டு பாலிசிகளைத் தேடி எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சொந்த மண்ணுக்குக் கைவிரிக்கும் பாலிசிகூட அடுத்தவருக்கோ நிலத்தடி நீருக்கோ நேர்ந்த சேதத்துக்குப் பணம் தரக்கூடும். எல்லாருக்கும் பலிக்கும் வழி அல்ல. முயன்று பார்க்கத் தகுந்தது.

வாங்குபவராக இருந்தால், 'விலையில் கழித்துத் தருகிறேன், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். திறக்கும் வரை அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாத பொருளுக்கு விலை போட முடியாது. க்ளோசிங்குக்கு முன் விற்பவர் பெயரில் பெர்மிட் எடுத்து, விற்பவர் செலவில் வேலை முடியட்டும். பெர்மிட் எடுத்ததோடு நில்லாமல், இறுதி ஒப்புதல் பெற்று அது மூடப்பட்டதா என்றும் பாருங்கள். வீட்டு மனையை அடையாளம் காட்டும் பிளாக், லாட் எண்களைக் கொடுத்து டவுன் அலுவலகத்தில் பொதுப் பதிவேடு கேட்டால் பழைய டேங்க் பெர்மிட்டுகள் இருந்தால் கிடைக்கும். டேங்க் ஸ்கிராப்புக்குப் போன ரசீது, கசடு அப்புறப்படுத்தியதற்கான மேனிஃபெஸ்ட் என்ற சான்றுத்தாள், லேப் அறிக்கை, புகைப்படங்கள் ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

நிரப்பி மூடுவதே சரி என்ற இடங்களும் உண்டு. பின்னாளில் எழுப்பிய அறையின் அடியில் டேங்க் சிக்கியிருக்கலாம். தோண்டினால் தாங்குசுவரோ அஸ்திவாரமோ ஆட்டம் காணலாம். அங்கே எடுப்பது அபாயம். தீயணைப்பு விதிகளும் இருந்த இடத்தில் மூடுவதை அனுமதிக்கின்றன. சில டவுன்கள் மட்டும் அதற்கும் இன்ஜினியரின் கடிதம் கேட்கும். அப்படி மூட நேர்ந்தால் மணலை நிரப்புவதற்கு முன் டேங்கின் அடித்தகட்டை இரண்டு மூன்று இடங்களில் வெட்டச் சொல்லி, அந்தத் துளைகள் வழியாகக் கீழ்மண்ணில் மாதிரி எடுக்க வேண்டும். லேப் முடிவு கைக்கு வந்த பிறகுதான் மணல் லாரியைக் கூப்பிட வேண்டும். நிரப்பியபின் அந்த அடிமண்ணை எட்டுவது எளிதல்ல.