ரெஸ்டிக்கோடு ஆறு வருடம்: எடுத்த கதை கொஞ்சம், மீட்ட கதை நிறைய

2019 வரை என் பேக்கப் என்பது ஒரே ஒரு ஆர்சிங்க் கட்டளை. ஹோம் கோப்புறையை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கும். ஒருநாள் ஒரு கணக்குத் தாளில் பாதி வரிசைகளை அழித்துவிட்டுக் கவனிக்காமல் சேமித்துவிட்டேன். பேக்கப்தான் இருக்கிறதே என்று மறுநாள் போய்ப் பார்த்தால், ராத்திரியே ஆர்சிங்க் ஓடி, கெட்டுப்போன கோப்பை அங்கேயும் பத்திரமாகக் கொண்டு சேர்த்திருந்தது. போன வாரம் இருந்த நிலை வேண்டும் என்று தேடும்போதுதான் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் கண்ணில் பட்டது.

கோ (Go) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒற்றைக் கோப்பு அது. இறக்கி வைத்தால் வேலை செய்யும். ஜன்னல், பொத்தான் எதுவும் கிடையாது, எல்லாம் டெர்மினலில் கட்டளை அடித்துத்தான். கோப்புகளைச் சராசரியாக 1 எம்பி அளவுள்ள துண்டுகளாக வெட்டி, முன்பே சேமித்த துண்டாக இருந்தால் மறுபடி அனுப்பாமல் விட்டுவிடும். அதனால் முதல் பேக்கப் ராத்திரி முழுக்க ஓடியது; அடுத்த நாளிலிருந்து சில நிமிடங்கள்தான். ஆனாலும் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும், அதாவது ஒவ்வொரு தடவை எடுத்த பேக்கப்பும், முழுமையானது. நடுவில் ஒன்றை நீக்கினால் அடுத்தது உடையுமோ என்ற பயம் இல்லை. கணினியை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லாம் பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் ஆகிவிடுவதால், யாருடைய சர்வரில் கொண்டுபோய் வைக்கிறோம் என்ற கவலையும் குறைவு.

முதல் வருடம் எல்லாம் சுகமாகத்தான் போனது. பிறகு டிஸ்க் நிரம்ப ஆரம்பித்தது. பழைய ஸ்னாப்ஷாட்டுகளைக் கழிக்க ஃபர்கெட் கட்டளையில் தினசரி 7, வாராந்தரம் 4, மாதாந்தரம் 12 என்று கணக்குக் கொடுத்து வைத்திருந்தேன். அப்படியிருந்தும் ஸ்னாப்ஷாட்ஸ் கட்டளையைக் கொடுத்தால் திரை பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, முந்நூற்றுச் சொச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டையைக் குடைந்த பிறகு பிடிபட்டது, தப்பு பேக்கப் கட்டளைகளை நான் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டில். வேலைக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தேன். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அதை விரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புறையையும் தனித்தனிப் பாதையாக ரெஸ்டிக்கிடம் கொடுக்கும். ஃபர்கெட்டோ ஸ்னாப்ஷாட்டுகளை ஹோஸ்ட் பெயர் (கணினியின் பெயர்), பாதைப் பட்டியல் இரண்டையும் வைத்துக் குழு பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனியாகக் கணக்குப் போடும். நான் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு புதுக் கோப்புறை திறக்கிற ஆள். திறக்கும்போதெல்லாம் பட்டியல் மாறி ஒரு புதுக் குழு பிறக்கும். ஒவ்வொன்றிலும் இருப்பதே இரண்டு மூன்று ஸ்னாப்ஷாட்தான், அப்புறம் எதைக் கழிப்பது? நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, ஹோஸ்ட் பெயரை மட்டும் வைத்துக் குழு பிரிக்கச் சொல்லி, முதலில் எதையும் நீக்காத ஒத்திகையாக ட்ரை ரன் போட்டுப் பார்த்து, அப்புறம்தான் உண்மையாக ஓட்டினேன். ஃபர்கெட் ஸ்னாப்ஷாட்டை மட்டுமே நீக்கும், இடம் காலியாக, தேவையற்ற துண்டுகளை அழிக்கும் ப்ரூன் கட்டளையும் ஓடவேண்டும் என்பது அதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது.

கணினியின் பெயரை மாற்றினாலும் இதே கூத்துதான். பழைய பெயரில் உள்ளவை தனிக் குழுவாக அப்படியே தங்கிவிடும்.

மீட்பது என்று பார்த்தால், ஆறு வருடத்தில் பெரும்பாலும் சின்னச் சின்னத் தேவைகள்தான். அதற்கு நான் ரெஸ்டோர் கட்டளைக்கே போவதில்லை, மவுன்ட்தான். தேதி வாரியாக எல்லா ஸ்னாப்ஷாட்டும் சாதாரணக் கோப்புறைகளாகத் திறக்கும். செவ்வாய்க்கிழமைக்குள் நுழைந்து, வேண்டிய கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். எந்த நாளில் இருந்தது என்றே தெரியாவிட்டால், எல்லா ஸ்னாப்ஷாட்டிலும் தேடும் ஃபைண்ட் கட்டளை. விண்டோஸில் மட்டும் மவுன்ட் கிடையாது. என்னுடைய இன்னொரு கணினி விண்டோஸ் என்பதால் இந்தக் குறை எனக்கு அடிக்கடி உறுத்தும்.

ரெஸ்டோரை முதல் தடவை ஓட்டியபோது ஒரு சின்னக் குழப்பம். மீட்பு என்ற கோப்புறைக்குள் போடச் சொன்னேன். திறந்து பார்த்தால் உள்ளே ஹோம் என்று ஒரே ஒரு கோப்புறை. அதற்குள் என் பயனர் பெயர். இன்னும் இரண்டு அடுக்கு தாண்டித்தான் கோப்புகள். மூலப் பாதை முழுவதையும் அப்படியே கட்டிக்கொண்டு வரும். இப்போதெல்லாம் ஸ்னாப்ஷாட் எண்ணோடு முக்காற்புள்ளி வைத்து உட்கோப்புறையைக் குறிப்பிட்டுவிடுகிறேன், நேராக வந்துவிடும்.

பெரிய மீட்பு ஒரே ஒரு முறை. லேப்டாப்பின் எஸ்எஸ்டி ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லை. புது டிஸ்க் போட்டு, லினக்ஸ் நிறுவி, ரெஸ்டிக்கை இறக்கினேன். பாஸ்வேர்ட் கேட்டது. அது இருந்த கோப்பு செத்துப்போன டிஸ்க்கில். நல்லவேளை, ஒரு தாளிலும் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து அடித்தேன், தவறு என்றது. மறுபடி, தவறு. என் கையெழுத்தில் சிறிய எல், எண் 1, பெரிய ஐ மூன்றும் ஒரே கோடு. அந்த மாதிரிக் கோடு பாஸ்வேர்டில் நான்கு இடத்தில். யாரும் வேகமாக ஊகித்துப் பார்க்கக்கூடாது என்பதற்காக ரெஸ்டிக் எஸ்க்ரிப்ட் (scrypt) என்ற முறையில் வேண்டுமென்றே மெதுவாகத்தான் சாவியைச் சரிபார்க்கும். அந்தத் தாமதத்தை அன்றைக்கு நானே ஒவ்வொரு முயற்சிக்கும் உட்கார்ந்து அனுபவித்தேன். பாஸ்வேர்ட் போனால் தரவும் போச்சு, வேறு வழியே கிடையாது. பதினேழாவதோ பதினெட்டாவதோ முயற்சியில் ஸ்னாப்ஷாட் பட்டியல் விரிந்தது. அடித்ததை அப்படியே ஒரு கோப்பில் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

மீட்பு பாதியில் இருக்கும்போது மூடியைச் சாத்தி லேப்டாப்பைத் தூங்கவைத்தது வேறு கதை. 2024இல் வந்த 0.17 பதிப்பு கையில் இருந்ததால் பிழைத்தேன். அதே கட்டளையை மறுபடி கொடுத்ததும், ஏற்கெனவே சரியாக வந்திருந்த கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, விடுபட்டதை மட்டும் இறக்கியது.

அன்று மாலையே கீ ஆட் கட்டளையில் இரண்டாவது பாஸ்வேர்ட் ஒன்று சேர்த்தேன். சாதாரணச் சொற்கள் ஆறு, நடுவில் இடைவெளி, எண்ணே கிடையாது. இரண்டு பாஸ்வேர்டும் திறப்பது ஒரே மூலச் சாவியைத்தான் என்பதால் எதையும் மறுபடி பேக்கப் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றபடி சில்லறைக் குறைகள். நடுவில் மின்சாரம் போனால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை மோதாமலிருக்க ரெஸ்டிக் போடும் பூட்டு அப்படியே நின்று, அடுத்த ப்ரூன் நகர மறுக்கும். வேறு எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு அன்லாக் கொடுக்கவேண்டும். தரவைச் சுருக்கும் வசதி 2022இல் 0.14 பதிப்பில்தான் வந்தது, எனக்கு அது ரொம்பத் தாமதம். வருடக்கணக்காகச் சேர்ந்த பழையவற்றைச் சுருக்க ப்ரூனை ஒரு ராத்திரி ஓடவிட்டேன்.

இப்போது மாதம் ஒருமுறை செக் கட்டளையில் மொத்தத் தரவில் பன்னிரண்டில் ஒரு பங்கை உண்மையாகவே படித்துச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் முதல் பங்கு, டிசம்பரில் கடைசிப் பங்கு. அந்தச் சோதனைக்கு மட்டும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பாஸ்வேர்டைக் கையாலேயே அடிக்கிறேன்.