ஹம்பிப் பாறைகளும் விண்டி வானிலைச் செயலியும்

ஹம்பியின் கிரானைட் பாறைகளில் கயிறில்லாமல் ஏறும் போல்டரிங்குக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற பருவம். அந்தப் பருவத்திலும் பாறையின் பிடிமானம் வேளைக்கு வேளை மாறுவதால், எப்போது ஏறுவது என்பதைக் கணிக்க விண்டி செயலியையே பெரிதும் நம்புகிறேன். செக் நாட்டில் உருவான இச்செயலியில் ஐரோப்பிய வானிலை மையத்தின் கணிப்பையும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்னும் கணினி மாதிரியின் கணிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் துணிந்து கிளம்பலாம். வங்கக் கடலில் தாழ்வுநிலை உருவாகி இரண்டும் முரண்படும் நாட்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

மழை அளவை மட்டும் பார்த்து மூடிவிடுவோருக்கு இதன் முழுப் பயன் கிட்டாது. ஓரிடத்தின் வானிலை நேரத்துக்கு நேரம் மாறுவதைக் காட்டும் மீட்டியோகிராம் வரைபடத்தில் வெப்பநிலைக் கோடும், காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையின் கோடும் சேர்ந்தே வருகின்றன. இடைவெளி அகன்றிருந்தால் காற்று உலர்ந்திருக்கிறது, கைவியர்வை விரைவில் காயும். விடியலில் இரண்டு கோடுகளும் நெருங்கி, வானம் தெளிந்து, காற்றும் அசையாதிருந்தால், இரவெல்லாம் வெப்பத்தை இழந்த பாறையின் மேற்பரப்பு காற்றைவிடவும் குளிர்ந்து, மழையே இல்லாமல் பிடிகளில் ஈரம் படியக்கூடும். சற்றே காற்று வீசினாலும் இந்நிலை மாறிவிடும் என்பதால், காற்றின் வேகத்தையே நான் முதலில் பார்க்கிறேன்.

செயலி தரும் வெப்பநிலை தரைக்கு 2 மீட்டர் மேலுள்ள காற்றுக்கு உரியது, பாறைக்கு உரியதன்று. மேற்கு நோக்கிய பாறை சூரியன் மறைந்த பின்னும் சுடும். அந்தச் சூட்டில் விரல்தோல் வியர்த்து மென்மையாகும்போது கிரானைட்டின் கூரிய படிகங்கள் எளிதில் கிழித்துவிடும். ஐரோப்பியக் கணிப்பு நிலப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் அகலமுள்ளது. துங்கபத்திரைக் கரையின் வாழைத்தோட்டத்தை ஒட்டிய பாறையும் மேட்டில் காற்று தடையின்றி வீசும் பாறையும் அதற்கு ஒன்றுதான். ஆகவே கடைசி முடிவைப் பாறையின் நிழற்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே எடுக்க வேண்டும்.

கர்நாடகத்திலேயே பாறையேறுவோர் செல்லும் மற்றோர் ஊரான பாதாமியின் மணற்கல்லுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. மேற்பரப்பு உலர்ந்த பின்னும் மணற்கல்லின் உள்ளே தங்கும் ஈரம் அதன் வலிமையைக் குறைக்கும். அதை எந்தக் கணிப்பும் காட்டாது. அங்கே செயலி கணிக்கும் மழையைவிட, ஏற்கெனவே பெய்து முடிந்த மழையைப் பற்றி உள்ளூரில் விசாரிப்பதே முக்கியம், ஏனெனில் உடைந்துபோன பிடியை யாராலும் திரும்ப ஒட்டவைக்க இயலாது.

விண்டியின் கட்டணப் பதிப்பில் கணிப்பு 1 மணி நேர இடைவெளியில் கிடைக்கிறது. ஹம்பியில் வெயில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் குளிர்ந்த வேளை குறுகியது. அதனால் அங்கேயே பல வாரம் தங்கி ஏறுவோருக்கு அந்தச் செலவு தகும், வார இறுதியில் வந்துபோவோருக்கு இலவசப் பதிப்பே போதும்.